ஆறாம் வகுப்புக்குப் பள்ளிக்கூடம் தேடும் செட்டிநாட்டுப் பெற்றோருக்கு: ஃப்ளெக்ஸ் போர்டு சொல்லாத விவரங்கள்

மூத்தவனை 2021-ல் ஆறாம் வகுப்பில் சேர்த்தோம். காரைக்குடியில் பழைய, பெயர்பெற்ற பள்ளிக்கூடம். செட்டியார் ஒருவர் அந்தக் காலத்தில் கட்டிக் கொடுத்த பெரிய கட்டடம், வேப்பமரம், மைதானம் எல்லாம் உண்டு. "அது சர்க்கார் பள்ளிக்கூடந்தான் ஆத்தா, காசும் ரொம்ப வாங்க மாட்டாக" என்று பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னார். நாங்களும் வேறு எதுவும் விசாரிக்கவில்லை. அவன் ஒன்பதாவது போன பிறகு, என் சித்தி மகள் அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் பொறியியல் கல்லூரிக்குப் போனாள். கட்டணம் முழுக்க அரசே கட்டுகிறது என்றார்கள். "நம்ம பயலுக்கும் கிடைக்குமுல்ல?" என்று வீட்டுக்காரர் சந்தோஷமாகக் கேட்டார். கிடைக்காது. அது அரசுப் பள்ளி இல்லை, அரசின் உதவியோடு தனியார் நடத்தும் உதவிபெறும் பள்ளி. அதிலும் அவன் படிப்பது அந்த உதவியும் இல்லாமல் கட்டணத்தில் நடக்கும் சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவு. மூன்று வருடம் கட்டணம் கட்டியும் எங்களுக்கு அது தெரியாது. ரசீதில் எழுதித்தான் இருந்தது, நாங்கள் படிக்கவில்லை.

பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. யாரும் பொய் சொல்லவும் இல்லை. நாங்கள் கேட்கவில்லை, அவர்களாகச் சொல்லவும் இல்லை.

சின்னவளை 2025-ல் ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, கேட்டதையெல்லாம் எழுதி வைத்தேன். புதுவயல், கண்டனூர், கோட்டையூர், பள்ளத்தூர், கல்லல் பக்கமிருந்து காரைக்குடிக்கோ தேவகோட்டைக்கோ பிள்ளையை அனுப்ப யோசிப்பவர்களுக்காக அந்த நோட்டைத்தான் இங்கே விரித்து வைக்கிறேன்.

1. முதல் கேள்வி: இது யாருடைய பள்ளிக்கூடம்?

மார்க், மைதானம், ஸ்மார்ட் கிளாஸ் எல்லாம் பிறகு. முதலில் நிர்வாகம். நம் பக்கத்தில் இதில்தான் குழப்பம் அதிகம். வேறு ஊர்களில் அரசுப் பள்ளி என்றால் பெயர்ப் பலகையே சொல்லிவிடும். இங்கே பாதிப் பள்ளிகளுக்குச் செட்டியார் பெயர். பெயரை வைத்து எதுவும் சொல்ல முடியாது. காரைக்குடியில் ராமநாதன் செட்டியார் பெயரில் இருப்பது மாநகராட்சிப் பள்ளி. அதே மாதிரிப் பெயருள்ள இன்னொன்று உதவிபெறும் பள்ளியாக இருக்கும், மூன்றாவது முழுக்கத் தனியாராக இருக்கும்.

அலுவலக அறையில் போய் இப்படியே கேளுங்கள்: "பள்ளி அரசா, அரசு உதவிபெறுவதா, சுயநிதியா? என் பிள்ளை சேரப்போகும் பிரிவு இதில் எது?" இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள். உதவிபெறும் பள்ளிகள் பலவற்றில் தமிழ்வழி அரசு உதவியிலும் ஆங்கிலவழி சுயநிதியிலும் ஒரே வளாகத்துக்குள் நடக்கும். ஒரே மணி, ஒரே சீருடை. பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது.

இதில் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்பீர்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை ஏழு வருடமும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இதில் சேரும். உதவிபெறும் பள்ளி சேராது. நடுவில் ஒரு வருடம் வெளியே போனாலும் போனதுதான். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு இலவச இடத்தில் எட்டாவது வரை தனியாரில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது, பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-ல். இவற்றில் உதவிபெறும் பள்ளிக்கும் இடம் உண்டு, ஆனால் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மட்டும். அரசுப் பள்ளியில் எந்த வழியில் படித்தாலும் சரி. எங்கள் மூத்தவன் இரண்டு வாசலிலும் வெளியே நிற்பது இதனால்தான்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது. 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இதற்கு முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழி வேண்டும். ஐந்தாவது வரை தமிழில் படித்த பிள்ளையை ஆறாவதில் ஆங்கிலவழிக்கு மாற்றினால் இதுவும் போய்விடும். மாற்றக் கூடாது என்று சொல்லவில்லை. எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்து மாற்றுங்கள். சின்னவளை நாங்கள் தமிழ்வழியிலேயே தொடர வைத்தோம். சொந்தக்காரர்கள் பாதிப்பேர் இன்னும் எங்களைப் பைத்தியம் என்றுதான் பேசுகிறார்கள்.

2. அங்கீகாரம் எந்த வகுப்பு வரைக்கும்?

பள்ளிக்கு அங்கீகாரம் உண்டு என்பது போதாது. எந்த வகுப்பு வரை, எந்த வருடம் வரை என்று கேட்க வேண்டும். எட்டாவது வரை மட்டும் அனுமதி வாங்கிய இடத்தில் ஒன்பதாவது நடக்கும். பத்தாவது தேர்வு வரும்போது பிள்ளையின் பெயர் வேறொரு பள்ளிப் பட்டியலில் ஏறும். பெற்றோருக்கு ஹால்டிக்கெட் கையில் வரும்போதுதான் தெரியும்.

வீட்டிலிருந்தே பார்க்க வழி இருக்கிறது. ஒவ்வொரு பள்ளிக்கும் யூடைஸ் எண் என்று 11 இலக்க எண் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் 33-ல் தொடங்கும். யூடைஸ் பிளஸ் தளத்தில் 'உங்கள் பள்ளியை அறியுங்கள்' பகுதியில் அந்த எண்ணைப் போட்டால் நிர்வாக வகை, எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை, எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், கழிப்பறை எத்தனை என்று வந்துவிடும். போனிலேயே பார்க்கலாம். தகவல் சில சமயம் போன வருடத்ததாக இருக்கும், அவ்வளவுதான்.

சிபிஎஸ்இ பள்ளி என்றால் இன்னும் சுலபம். 'கட்டாய வெளிப்படைத் தகவல்' என்று ஒரு பக்கத்தைப் பள்ளியின் இணையதளத்தில் வைத்தே ஆக வேண்டும் என்பது வாரிய விதி. இணைப்பு எண், கட்டணம், பொதுத்தேர்வு முடிவு, கட்டடப் பாதுகாப்புச் சான்று, ஆசிரியர் எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தப் பக்கமே இல்லை, அல்லது திறந்தால் வெறும் தலைப்புதான் இருக்கிறது என்றால் யோசியுங்கள். 'சிபிஎஸ்இ முறையில்' என்று போர்டில் எழுதியிருந்தால் இரண்டு முறை யோசியுங்கள். முறைக்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை.

தனியார் பள்ளி என்றால் நான்கு சான்றுகள் நடப்பில் இருக்கின்றனவா என்று கேட்கலாம்: கட்டட உறுதி, கட்டட உரிமம், தீயணைப்பு, சுகாதாரம். கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். கும்பகோணம் பள்ளித் தீவிபத்தை மறந்தவர்கள் வேண்டுமானால் கேட்காமல் விடலாம்.

3. கட்டணம்: வாயில் சொல்வது, தாளில் இருப்பது

போனில் கேட்டால் எந்தப் பள்ளியும் சொல்லாது. "நேர்ல வாங்க மேடம், பேசிக்கலாம்" என்பார்கள். பேசிக்கொள்வதற்கு அது ஜவுளிக்கடை இல்லை. தனியார் சுயநிதிப் பள்ளி என்ன வாங்கலாம் என்பதை ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழு தீர்மானிக்கிறது. 2009-ல் வந்த சட்டம் அது. ஒரு முறை நிர்ணயித்தால் மூன்று கல்வியாண்டுக்கு அதுதான். குழுவின் இணையதளத்தில் மாவட்ட வாரியாகப் பட்டியல் இருக்கும். போவதற்கு முன் வகுப்புக்கு எவ்வளவு என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கையில் எண்ணோடு போகிறவரிடம் பேச்சே வேறு மாதிரி இருக்கும். இது என் அனுபவம்.

பிறகு, நிர்ணயித்த கட்டணத்துக்கு வெளியே என்னென்ன வரும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நான் ஒரு பள்ளியில் கேட்டு எழுதியதில் இவை இருந்தன: விண்ணப்பப் படிவம், பேருந்து, புத்தகம், நோட்டு, இரண்டு சீருடை, வெள்ளிக்கிழமைச் சீருடை, ஷூ இரண்டு ஜோடி, ஒலிம்பியாட், கராத்தே, யோகா, ஆண்டு விழா, 'ஸ்மார்ட்', பிறகு 'இதர'. அந்த 'இதர' என்ன என்று கேட்டதற்கு அலுவலகத்தில் இருந்த பெண்ணுக்கே தெரியவில்லை, பாவம். எல்லாம் கூட்டினால் போர்டில் சொன்னதைப்போல ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு வந்தது.

மூன்று விஷயம் கவனியுங்கள்.

ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நன்கொடை என்றால் நன்கொடை என்று ரசீது கேளுங்கள். கேட்டவுடனே பல நன்கொடைகள் காணாமல் போய்விடும்.

எட்டாம் வகுப்பு வரை சேர்க்கைக்குத் தேர்வு வைப்பதும் நன்கொடை வாங்குவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி தடை. தேர்வு வைத்தால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து 50,000 வரை அபராதம் உண்டு. "சும்மா ஒரு சின்ன டெஸ்ட், லெவல் பாக்க" என்றுதான் கூப்பிடுவார்கள். சேர்த்த பிறகு லெவல் பார்த்தால் தவறில்லை. சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கப் பார்க்கக் கூடாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அங்கே போய் இதை வாதாட வேண்டாம்.

கல்வி உரிமைச் சட்டத்தின் (ஆர்டிஇ) 25 விழுக்காடு இலவச ஒதுக்கீடு ஆறாம் வகுப்புக்குக் கிடையாது. அது எல்கேஜி அல்லது முதல் வகுப்பு என்று பள்ளியின் நுழைவு வகுப்புக்கு மட்டும். "ஆர்டிஇ-ல போட்டுத் தர்றேன்" என்று யாராவது இடைத்தரகர் காசு கேட்டால் நடையைக் கட்டுங்கள்.

அரசுப் பள்ளியில் படிப்புக்குச் செலவில்லை. பாடநூல், நோட்டு, மதிய உணவு, பேருந்து அட்டை எல்லாம் வந்துவிடும், பதினொன்றாவதில் சைக்கிள். ஆனால் ஒன்று: காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும். எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில் சின்னவள் உப்புமாவும் கிச்சடியும் சாப்பிட்டுப் பழகியவள். ஆறாவதில் ஏழரை மணிப் பேருந்துக்கு முன்னால் வீட்டில் அடுப்பு பற்ற வேண்டியிருக்கிறது. சின்ன விஷயம்போல் தெரியும். மில் வேலைக்கு ஆறு மணிக்குப் போகும் வீட்டில் சின்ன விஷயம் இல்லை.

4. நேரில் போவது: எப்போது, யாரிடம்

சேர்க்கை நாளில் போகாதீர்கள். அன்றைக்குக் கோலம், ரோஜா, எலுமிச்சைச் சாறு எல்லாம் இருக்கும். சனி ஞாயிறு தவிர்த்து, பள்ளி நடக்கும் ஒரு சாதாரண செவ்வாய், புதன் பாருங்கள். நான் பிப்ரவரியில் இரண்டு முறை போனேன். ஒருமுறை காலை எட்டேமுக்காலுக்கு வாசலில் நின்றேன். இன்னொருமுறை சாயங்காலம் பள்ளி விடும் நேரம்.

காலையில் பார்க்க வேண்டியது, தாமதமாக வரும் பிள்ளையை எப்படி நடத்துகிறார்கள் என்பது. ஒரு பள்ளியில் வெயிலில் முட்டி போட வைத்திருந்தார்கள். அந்தப் பள்ளியின் பெயரை நோட்டில் அன்றே அடித்துவிட்டேன். சாயங்காலம் பார்க்க வேண்டியது கழிப்பறை. காலையில் எல்லாக் கழிப்பறையும் சுத்தம்தான். மாலை நான்கு மணிக்கும் தண்ணீர் வந்தால், பெண் பிள்ளைகள் பக்கம் கதவில் தாழ்ப்பாள் இருந்தால், அதுதான் சரியான பள்ளி. வெட்கப்படாமல் உள்ளே போய்ப் பாருங்கள். "பாப்பாவுக்கு அவசரம்" என்று சொன்னால் யாரும் தடுக்க மாட்டார்கள்.

ஆசிரியர் எண்ணிக்கையை மொத்தமாகக் கேட்டுப் பயனில்லை, பாடவாரியாகக் கேளுங்கள். ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர். அறிவியல்-கணக்கு, சமூக அறிவியல், மொழி ஆகிய மூன்றுக்கும் ஆள் இருக்க வேண்டும் என்பது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம். நான் கேட்ட கேள்வி: "இந்த வருஷம் கணக்கு டீச்சர் எத்தனை மாசம் இருந்தாக?" இதற்கு நேர்ப்பதில் வந்த இடங்கள் இரண்டுதான். ஓர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியை மறைக்காமல் சொன்னார், "ஆகஸ்ட் வரைக்கும் ஆள் இல்லம்மா, அப்புறம் தற்காலிகமா ஒருத்தர் வந்தாக." அப்படிச் சொன்னதாலேயே அவர் மேல் நம்பிக்கை வந்தது. சின்னவள் இப்போது படிப்பது அங்கேதான்.

அடுத்து அந்த 'நூறு சதவீதத் தேர்ச்சி'. மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாள் கழனிவாசலிலிருந்து பெரியார் சிலை வரை எத்தனை ஃப்ளெக்ஸ் என்று எண்ணிப் பாருங்கள். எல்லாரும் நூறு சதவீதம். கேட்க வேண்டிய கேள்வி இது: ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், அதே அணியிலிருந்து பத்தாவது எழுதியவர்கள் எத்தனை பேர்? ஒன்பதில் அறுபது, பத்தில் நாற்பத்திரண்டு என்றால், மிச்சம் பதினெட்டுப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று அந்த ஃப்ளெக்ஸ் சொல்லாது. மெல்லப் படிக்கும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பு முடிவில் கூப்பிட்டு, "வேற பள்ளிக்கூடம் பாத்துக்கங்க" என்று சொல்லும் பழக்கம் இருக்கும் இடமா என்று அங்கே படித்து வெளியே வந்த பிள்ளையின் அம்மாவிடம் கேளுங்கள். பள்ளியில் கேட்டால் கிடைக்காது.

தகவலுக்கு நல்ல ஆட்கள் யார் என்றால், பேருந்தில் வரும் எட்டாவது ஒன்பதாவது பிள்ளைகள், பள்ளி வாசலில் மாங்காய், நெல்லிக்காய் விற்கும் ஆயா, காவலாளி. எனக்கு அதிகம் சொன்னது ஒரு நெல்லிக்காய் ஆயாதான். எந்த வாத்தியார் அடிப்பார், எந்த டீச்சர் தன் காசில் நோட்டு வாங்கிக் கொடுப்பார், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யார் வகுப்புக்குப் போவதில்லை என்று எல்லாம் அவருக்கு அத்துபடி. பத்து ரூபாய்க்கு நெல்லிக்காய் வாங்கினால் போதும்.

அரசு, உதவிபெறும் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும். பெற்றோர்தான் அதில் பெரும்பான்மை, தலைவரும் பெற்றோர்தான். அவர் யார் என்று கேட்டு ஒரு முறை பேசிவிடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணிலும் சந்தேகம் கேட்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் வில்லை ஒட்டி மனுப் போடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். போடலாம்தான், பதிலுக்கு முப்பது நாள் ஆகும்; சேர்க்கைக்கு முன் வேண்டும் என்றால் ஜனவரியிலேயே போட்டுவிட வேண்டும்.

5. பத்தோடு முடியுமா, பன்னிரண்டு வரை போகுமா?

உயர்நிலைப் பள்ளி பத்தோடு நின்றுவிடும். மேல்நிலைப் பள்ளி பன்னிரண்டு வரை. மேல்நிலை என்றால் என்னென்ன குரூப் இருக்கிறது என்று ஆறாவதிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். உயிரியல் குரூப் இருக்கும், அதற்கு ஆசிரியர் இருக்க மாட்டார். வணிகவியல் ஆங்கிலவழியில் மட்டும் இருக்கும். பத்துக்குப் பிறகு மாற வேண்டியிருந்தால், 7.5 விழுக்காட்டை நினைத்து அரசுப் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கே மாறுங்கள். பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 முதல் இல்லை. அதை வைத்துப் பதினொன்றாவது பாடத்தை நடத்தாமலே பன்னிரண்டுக்குத் தாவும் பள்ளிகள் உண்டா என்றும் விசாரியுங்கள்.

எட்டாவதில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு எழுதித் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும். அரசு, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான். இதற்குப் பயிற்சி கொடுக்கிறார்களா, போன வருடம் எத்தனை பேர் தேறினார்கள் என்று கேளுங்கள்; பள்ளி உழைக்கிறதா இல்லையா என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்கவில்லை. ஒன்பதாவதில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. அது கிராமப்புறப் பள்ளிகளுக்கு மட்டும். காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. நகருக்குள் படிக்கும் பிள்ளை, வீடு கிராமத்தில் இருந்தாலும், எழுத முடியாது.

6. போக வர

பள்ளி வண்டி என்றால் மஞ்சள் நிறம், உதவியாளர், ஒவ்வொரு வருடமும் மே மாதத்தில் வட்டாரப் போக்குவரத்து அலுவலர் ஆய்வு. 2012 விதிகளில் இவை உள்ளன. வண்டியில் உதவியாளர் நிஜமாகவே வருகிறாரா என்று காலையில் நின்று பாருங்கள். ஆட்டோ, வேன் என்றால் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணுங்கள்.

அரசுப் பேருந்து என்றால் மாணவர் அட்டை இலவசம். ஜூனில் புது அட்டை வரும்வரை சீருடையும் பழைய அட்டையும் போதும். பத்தாம் வகுப்பில் சிறப்பு வகுப்பு ஆறு மணி வரை போகும். அந்த நேரத்துக்கு உங்கள் ஊருக்குப் பேருந்து இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். தூரம் அதிகமென்றால் அரசு மாணவர் விடுதி இருக்கிறது, தங்குவதும் சாப்பாடும் இலவசம். வீடு எட்டு கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்ற விதி பெண் பிள்ளைகளுக்குக் கிடையாது.

7. காகிதங்கள்

எடுத்து வைக்க வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் ஆதார், பெற்றோர் ஆதார், குடும்ப அட்டை, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், ஐந்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பழைய பள்ளியின் எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில் பிள்ளைக்கு இருக்கும் எண்), பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு, இரத்த வகை, புகைப்படம் நான்கு. ஒவ்வொன்றிலும் மூன்று நகல். அசலை மாற்றுச் சான்றிதழ் தவிர வேறு எதையும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

இதில் பிரச்சினை வருவது எப்போதும் பெயரில்தான், அதிலும் முதலெழுத்தில். நம் பக்கத்தில் அய்யா (தாத்தா) பெயர், அப்பா பெயர் என்று இரண்டு மூன்று முதலெழுத்து போடும் வீடுகள் நிறைய. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் முதலெழுத்தே இல்லாமல், குடும்ப அட்டையில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். எங்கள் வீட்டில் பெரியவனுக்கு ஆங்கிலத்தில் 'எம்' என்றும் தமிழில் 'முரு' என்றும் இருந்தது. பள்ளியில் இது எமிஸில் ஏறும், எமிஸில் இருப்பதுதான் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும். அதன் பிறகு ஆயுசுக்கும் அதுதான் பெயர். திருத்த வேண்டுமென்றால் பத்தாவது தேர்வுப் பட்டியல் போவதற்கு முன் திருத்த வேண்டும். அதற்குப் பிறகு என்றால் தேர்வுத் துறை வரைக்கும் அலைய வேண்டும். ஆறாவதில் சேர்க்கும்போதே எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து ஆதாரை மாற்றுவது எளிது. தலைகீழாகப் போனால் கஷ்டம்.

சாதி, வருமானம் இரண்டும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். அதற்கு மேல் கேட்டால் பலகையில் எழுதியிருப்பதைக் காட்டுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று மேசை கடந்து வர வேண்டும். மாசி மாதம் போட்டால் ஒரு வாரத்தில் வந்துவிடும். மே கடைசியில் போட்டால் ஊரே போட்டிருக்கும்; எனக்கு பதினேழு நாள் ஆனது, நடுவில் ஒருமுறை 'ஆவணம் தெளிவில்லை' என்று திருப்பியும் விட்டார்கள். போனில் எடுத்த படம் மங்கல். இருபது ரூபாய் கொடுத்து ஸ்கேன் செய்து போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். சாதிச் சான்றிதழ் ஒரு முறை எடுத்தால் போதும். வருமானச் சான்றிதழ் ஒரு வருடத்துக்குத்தான்.

மாற்றுச் சான்றிதழுக்கு அவசரப்பட வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை, அது வரத் தாமதம் என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. கட்டண பாக்கிக்காக அதைப் பிடித்து வைக்கக் கூடாது, பாக்கி இருக்கிறது என்று அதில் எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொல்லியிருக்கிறது. அதே சமயம் நீங்களும் ஒன்று செய்யாதீர்கள்: புதுப் பள்ளியில் இடம் உறுதியாகும் முன் பழைய பள்ளியில் சான்றிதழை வாங்கிவிடாதீர்கள். என் தோழி வாங்கிவிட்டு இரண்டு வாரம் தூங்கவில்லை.

8. எந்த மாதம் எதைச் செய்வது

தனியார் பள்ளிகள் தை பிறந்தவுடனே சேர்க்கையை ஆரம்பித்துவிடுகின்றன. "இன்னும் ஆறு சீட்டுத்தான்" என்பது மார்ச் வரை ஆறாகவே இருக்கும், பயப்படாதீர்கள். அரசுப் பள்ளிகளில் 2024-லும் 2025-லும் மார்ச் 1-ஆம் தேதியே சேர்க்கை தொடங்கியது. நல்ல அரசுப் பள்ளிகளில் தமிழ்வழிக்கும் ஆங்கிலவழிக்கும் இடம் நிறைந்துவிடுகிறது, ஜூன் வரட்டும் என்று இருக்காதீர்கள்.

என் கணக்கு: கார்த்திகை, மார்கழியில் நிர்வாகம், அங்கீகாரம், கட்டணம் மூன்றையும் போனில் பார்த்து ஏழெட்டுப் பள்ளியை மூன்றாக்குங்கள். தை, மாசியில் நேரில் போங்கள். அப்போதே சான்றிதழுக்கும் விண்ணப்பியுங்கள். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா வந்துவிட்டால் காரைக்குடியில் பால்குடம், காவடி, கூட்டம். அந்த வாரத்தில் எந்த அலுவலக வேலையும் வைக்காதீர்கள். பங்குனியில் பெயர் கொடுத்துவிடுங்கள். மே மாதம் மாற்றுச் சான்றிதழ். கொப்புடையம்மன் செவ்வாய்த் திருவிழாவுக்கு வரும் வெளியூர்ச் சொந்தங்கள் ஆளுக்கொரு பள்ளி சொல்வார்கள். தலையாட்டிவிட்டு நோட்டைப் பாருங்கள்.

எனக்கு ஆன மொத்தச் செலவு: விண்ணப்பம் இரண்டு பள்ளியில் 700 ரூபாய் (இரண்டிலும் சேர்க்கவில்லை), சான்றிதழ் 120, நகலும் ஸ்கேனும் 180 சொச்சம், ஆதார் திருத்தம் தனி, நான்கு நாள் கூலி போனது. பேருந்துக்குச் செலவில்லை, டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம்.

9. சேர்த்த பிறகு பதினைந்து நாளில்

வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். ஜூன் கடைசிக்குள் வகுப்பாசிரியரைப் பார்த்து எமிஸில் ஏறியிருப்பதைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி, சாதி, பயிற்று மொழி, உங்கள் கைபேசி எண் என ஆறையும் பார்க்க வேண்டும். பயிற்று மொழியை மறக்கவே கூடாது. சின்னவளுக்குத் தமிழ்வழி என்று படிவத்தில் எழுதிக் கொடுத்தும் எமிஸில் ஆங்கிலவழி என்று ஏறியிருந்தது. பட்டியலில் மேலே இருந்த பிள்ளையைப் பார்த்து அப்படியே போட்டுவிட்டதாக டீச்சர் சொன்னார். அங்கேயே நின்று மாற்றினோம், இரண்டு நிமிட வேலை. ஏழு வருடம் கழித்து அதை மாற்ற எத்தனை மேசை ஏறியிருக்க வேண்டுமோ.

அந்தத் திரையைப் போனில் படம் எடுத்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் அச்செடுத்து ஒட்டி வைத்திருக்கிறேன்.